சோடா நேரம்

சித்திரை பிறந்துவிட்டால்
செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என
நாலு பேருக்கும் பொய் வேண்டும்.
சொரிமுத்துவுக்கு மாமனாருக்குக் காய்ச்சல்.
மைதீன் பிச்சைக்கு வள்ளியூரில் வசூல்.
லூர்து டீச்சர் எதுவும் சொல்வதில்லை,
ஸ்கூட்டியை வெளியே எடுத்துவிட்டுக்
கதவைச் சாத்துவாள், அவ்வளவுதான்.
நான் மின்வாரியத்தில் ஒப்பந்த ஆள்;
எந்த ஊரிலும் எனக்கென்று
ஒரு கம்பம் சாய்ந்திருக்கும்.

செங்கோட்டை பாசஞ்சர் மெல்லிசைக் குழு:
ஆறு பேர், ஒரு டெம்போ,
இடது பக்கம் மட்டும் இரையும் ஸ்பீக்கர்.
களக்காட்டில் கேட்டோம். ஏர்வாடியில் கேட்டோம்.
திசையன்விளையில் செம்மண் பறந்து
பாதிப் பாட்டு பல்லில் கடிபட்டது.
பணகுடியில் காற்றாலைகள்
தாளத்துக்குப் பிந்திப் பிந்திச் சுற்றின.
"அதுக்கும் சம்பள பாக்கி போல" என்றான் சொரிமுத்து.

சினிமாப் பாட்டுக்காக இல்லை.
அதை யாரும் பாடுவார்கள்.
பதினொன்றரைக்கு, சாமி வேட்டைக்குப் புறப்படுமுன்,
பாடகி சோடா குடிக்க இறங்குவாள்.
அப்போது கீபோர்டுக்காரர் கண்ணை மூடி
எதையோ தொடங்குவார்.
ஆக்டோபேடு பையன் ஓடிப்போய் அதைப் பிடிப்பான்.
பேஸ் கிடார் தரைக்கு அடியில் நடந்து வரும்.
நாலு நிமிஷம்.
ஊர் மொத்தமும் அந்நேரம்
வடைச்சட்டியைச் சுற்றி நிற்கும்.
பிள்ளைகளை ஒன்றுக்கு அழைத்துப்போவார்கள்.
கைதட்டல் கிடையாது.
இடது ஸ்பீக்கரடியில் நாங்கள் நாலு பேர்,
கைகட்டி, சிரிக்காமல்,
ஒரு சுரம் இடம் மாறிவிடுமோ என்று
முறைத்துக்கொண்டு.

லூர்து டீச்சர் நோட்டில் எழுதுவாள்:
முக்கூடல், நாலு நிமிஷம் பத்து செகண்டு.
நாங்குநேரி, மூணு ஐம்பது, அவசரம்.
வீரவநல்லூர், மழை, பாதியில்.
பெயர் தெரியாததால்
சோடா நேரம் என்று வைத்தோம்.
இரண்டு மணிக்கு நாலுவழிச் சாலையோரம்
சுக்குக் காப்பியை ஊதிக்கொண்டு
அந்த ஐம்பதா இந்தப் பத்தா என்று
சண்டை போடுவோம். ஒருநாள்
சொரிமுத்து கோபித்துக்கொண்டு பஸ்ஸில் போனான்.

கடைசிக் கொடை உவரிக்கு இந்தப் பக்கம்.
ஜெனரேட்டர் நின்று, வயர் சுற்றும்போது
கீபோர்டுக்காரர் நேராக எங்களிடம் வந்தார்.
கையில் ஒரு கவர்.
"அண்ணாச்சி, இந்த மாசத் தவணைல பாதிதான் இருக்கு.
வண்டியத் தூக்கிராதிய.
பத்து ஊரா நீங்க பின்னாலயே வாறதப் பாத்து
பயலுவளுக்குச் சோறு எறங்கல."

மைதீன் பிச்சைக்கு முகம் கருத்துவிட்டது.
மற்ற நாளில் அவன் பார்ப்பது அந்த வேலைதான்.
கவரை வாங்கிப் பழக்கத்தில் எண்ணிவிட்டான்;
எண்ணி முடித்த பிறகுதான் விரல் நடுங்கியது.
திருப்பி அவர் பையில் செருகி,
"பாட்டு கேக்க வந்தோம்" என்றான்,
பிடிபட்ட திருடன் ஒப்புக்கொள்வதுபோல.

"எந்தப் பாட்டு?"
லூர்து டீச்சர் வாயாலேயே முனகிக் காட்டினாள்,
முதலிலிருந்து, பிசகாமல்.
அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.
"அதா? அது பாட்டே இல்லியே டீச்சர்.
பாப்பாவுக்குத் தொண்ட ஆறணும்லா,
அதுவரைக்கும் சும்மா ஓட்டுறது."

இந்த வருஷம் எங்களுக்கு
முன்வரிசையில் நாற்காலி. குடிக்கக் கலர்.
பதினொன்றரைக்கு மைக்கில் சொல்கிறார்கள்:
அடுத்து, நமது நாலு ரசிகர்களுக்காக.
ஊரே திரும்பிப் பார்க்கிறது.
வடைச்சட்டிப் பக்கம் ஆளில்லை.
கீபோர்டுக்காரர் கண்ணைத் திறந்துகொண்டு வாசிக்கிறார்,
எங்களைப் பார்த்து, தலையசைத்து,
ஆறு நிமிஷம் இருபது செகண்டு.
டீச்சர் நோட்டைத் திறக்கவில்லை.

மறு கொடையில்
அறிவிப்பு முடியுமுன் சொரிமுத்து எழுந்து
சத்தமில்லாமல் இடது பக்கமாகப் போனான்.
இரைச்சல் வரும் இடத்தில் நின்று
கைகட்டிக்கொண்டான்.
கலர் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு
ஒவ்வொருத்தராக நாங்களும்.